சட்டைக்குள்ள வச்ச பக்கம்

கடையில புதுச் சட்டை வாங்கினா உள்ள ஒரு அட்டை வச்சிருப்பான், பாத்திருப்பீங்க. நெஞ்சுப் பக்கம் மடங்காம நிக்கணும்னு. என் பேரன் அத உருவி குப்பையில போட்டுட்டு சட்டைய மாட்டிக்கிட்டுப் போயிருவான். நான் அந்த அட்டைய உருவினா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்காம கீழ போட மாட்டேன். எழுபது வருசம் ஆகப் போவுது. இன்னும் திருப்பிப் பாக்குறேன்.

என் சோட்டு ஆளுங்க மலாக்காவுல இன்னும் கொஞ்சப் பேரு இருக்கீங்க. காஜா பெராங் சடக்குல ரோட்டோரமா எங்க டோபி கடை இருந்தது உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். முன்னுக்கு கூரை போட்ட அஞ்சடி நடைபாதை, உள்ள இஸ்திரி மேசை, பின்னுக்கு கெணறு, தொட்டி, வெள்ளாவி அடுப்பு. அதுக்கும் பின்னால துணி காயப்போடுற வெளி. காத்து அடிச்சா வெள்ளச் சட்டைங்க எல்லாம் கைய ஆட்டும். சின்னப் பிள்ளையில நான் அதுங்களுக்கு பதிலுக்குக் கை ஆட்டுவேன்.

நான் பள்ளிக்கூடம் போகல. போகாதன்னு யாரும் சொல்லல. காலையில கஞ்சி காய்ச்சணும், நீலம் கரைக்கணும், வயசு ஓடிருச்சு. ஆனா எழுத்தே தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு டோபி குறி தெரியும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி. காலருக்கு உள்பக்கம், வேட்டின்னா ஓரத்துல, சேங்கொட்டைய கீறி அந்தச் சாத்துல குச்சிய தொட்டு வைப்போம். எத்தன தடவ வெள்ளாவியில வச்சாலும் போகாது. மூணு புள்ளின்னா வாத்தியாரு வீடு. பெருக்கல் மாதிரி போட்டு மேல ஒரு கோடுன்னா செட்டிக் கம்பத்து பெரிய வீடு. அவங்க பழங்காலத்துல இருந்தே மலாக்காவுல இருக்குற செட்டிங்க, கும்புடுறது நம்ம சாமி, பேசுறது மலாய். ரெண்டு நேர்கோடு, கீழ ஒரு புள்ளின்னா இன்ஸ்பெக்டர் வீடு. நூத்துக்கு மேல வீட்டுக் குறி எனக்கு மனப்பாடம். பத்து வயசுல நான் படிச்சதெல்லாம் அதுதான்.

அந்த இன்ஸ்பெக்டர் வீட்டுல இருந்துதான் அந்தப் புத்தகங்க வந்துச்சு.

இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான். இங்கயே பொறந்து இங்கிலீஷ் படிச்சவரு. கிளேபாங்ல கடலப் பாத்த மாதிரி வீடு. அவருக்கு என் வயசுல ஒரு பையன். அவன் படிச்சு முடிச்ச படப் புத்தகங்கள வீட்டம்மா கட்டிக் கூடையில போட்டு விடுவாங்க, "டோபி, பேப்பரு வச்சுக்க"ன்னு. அப்பாவுக்கு அது நல்ல கெட்டிக் காயிதம். கம்பிய பிரிச்சு பக்கம் பக்கமா எடுத்து அடுக்கி வச்சிருவாரு. சட்டை மடிக்கிறப்ப ஒரு பக்கத்த உள்ள குடுத்து மடிச்சா நெஞ்சு பலகை மாதிரி நிக்கும். ஊருல எல்லா டோபியும் பழைய நியூஸ் பேப்பர வைப்பான். மையி வெள்ளச் சட்டையில ஒட்டிக்கும். எங்க காயிதம் ஒட்டாது. அதுல அப்பாவுக்குப் பெருமை.

எனக்கு மட்டும் நெஞ்சு பதறும். கதை பாதியில இருக்கும், மீதிப் பக்கம் வாத்தியாரு சட்டைக்குள்ள போயிருக்கும். கெட்டவன் பாலத்துல குண்டு வச்சிருப்பான், ரயில் வந்துக்கிட்டு இருக்கும், அடுத்த பக்கம் செட்டிக் கம்பத்துக்குப் போயிருச்சு. ரயில் தப்பிச்சதா இல்லியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதனால சனிக்கிழமை மடிப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்ன கஞ்சி டின்னு பக்கத்துல உக்காந்து எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவ பாத்துருவேன். அந்தக் காயிதத்துக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணையும் பிஸ்கட்டும் கலந்த மாதிரி.

அதுல வர்ற வீரன் மேலுக்கும் காலுக்கும் ஒட்டுன மாதிரி கோடு போட்ட உடுப்பு போட்டிருப்பான். கண்ண மட்டும் மறைக்கிற முகமூடி. முதுகுல பச்சையா ஒரு துண்டு பறக்கும். சொவத்துல ஏறுவான், மோட்டார் காடிய ஒரு கையில தூக்குவான். கடைசிப் பக்கத்துல கட்டாயம் ஒரு கொடி பறக்கும். போலீஸ்காரங்க அவனுக்குக் கை குடுப்பாங்க. நாட்டுக்கு எதிரிய அவன் பிடிச்சுக் குடுத்துட்டான்னு அர்த்தம். எழுத்து தெரியாட்டி என்ன, கொடியப் பாத்தாலே புரியும்.

இந்தப் புத்தகம் பாக்க எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. எங்க கடையில இஸ்திரி போட்டவரு. நான் இஸ்திரி மாமான்னு கூப்புடுவேன். சொந்தம் ஒண்ணும் இல்ல. ஏதோ எஸ்டேட்டுல இருந்து வந்து கடைக்குப் பின்னால சாயபு வீட்டுச் சொவத்த ஒட்டின அறையில தங்கியிருந்தாரு. கரி போட்ட இஸ்திரிப் பொட்டிய பூனைக்குட்டிய தூக்குற மாதிரி தூக்குவாரு. சிரிச்சா சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும்.

"என்னடா, உன் வரிக்குதிர வந்துட்டானா?"ன்னு கேப்பாரு. வீரனுக்கு அவரு வச்ச பேரு அது.

"வரிக்குதிர இல்ல மாமா. வீரன்."

"வீரன்தான். ஆனா பாரு, காச்சட்டைக்கு மேல கோமணத்த கட்டியிருக்கான். இவங்க ஆத்தா சொல்லித் தரலையா? அந்தப் பச்சத் துண்டு இருக்கே, அத நம்மகிட்ட போட்டா முதல் தண்ணிக்கே சாயம் எறங்கி எல்லாச் சட்டையும் பச்சையாயிரும். உங்கப்பா இவன உள்ளயே விட மாட்டாரு."

அம்மா தொட்டியில இருந்து சிரிப்பாங்க. "அவனுக்கு யாரு துவைச்சுப் போடுறாளோ பாவம்."

ஒரு நாளு இஸ்திரி மாமா தணல ஊதிக்கிட்டே கேட்டாரு. "ஏண்டா, இவன் நல்லதுதானே பண்றான்? பின்ன எதுக்கு மூஞ்சிய மறைக்கிறான்?"

"எதிரிக்குத் தெரியக் கூடாதுல்ல."

"எதிரி யாருன்னு இவனுக்கு யாரு சொன்னா?"

"போலீஸ் சொல்லும்."

"போலீஸ் தப்பா சொல்லிட்டா?"

நான் யோசிச்சேன். எல்லாப் பக்கத்தையும் மனசுக்குள்ள பெரட்டிப் பாத்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லவே இல்ல. "போலீஸ் தப்பா சொல்லாது மாமா"ன்னேன். அவரு தோளு குலுங்கல. பொட்டிய எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சிட்டாரு.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வர்றதுக்கு முந்தின மாசங்க. ஊரே வேற மாதிரி இருந்துச்சு. கடைக்குக் கடை கொடி, வாழ மரம், காயிதத் தோரணம். பேண்டு வாசிக்கிறவங்க உடுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க உடுப்பு எல்லாம் எங்க கடையில வந்து குமிஞ்சு கெடந்துச்சு. காட்டுல கம்யூனிஸ்ட்காரங்களோட சண்டை இன்னும் ஓயல, ஆனா நம்ம டவுனு பக்கம் பயம் கொறைஞ்சிருந்துச்சு. பேப்பரு எடுக்கணும், பேப்பரு எடுக்கணும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. பிரஜை பேப்பரு. இங்க பொறக்காதவங்க மனு எழுதிக் குடுத்து, கையத் தூக்கி சத்தியம் பண்ணணும். இஸ்திரி மாமா அஞ்சாறு வயசுல இந்தியாவுல இருந்து கப்பலேறி வந்தவரு. அந்தப் பக்கத்துல அவருக்கு ஒரு நாதியும் கெடையாது. "நாமளும் ஒரு ஊருக்காரனா ஆயிரலாம்டா"ன்னு எங்கிட்ட சொன்னாரு. மனு குடுக்கப் போற அன்னிக்குத் தன் சட்டைய தானே கஞ்சி போட்டுத் தேய்ச்சாரு. ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தப் பண்ணினேன்.

கூடையில வந்த புத்தகத்துல ஒரு பக்கம். கெட்டவன் ஒசரமான கட்டடத்துல இருந்து நெருப்புக்குள்ள விழுறான். ரெண்டு கையும் மேல, வாய் பொளந்து இருக்கு. மொட்டைத் தல, கத்த மீசை. எனக்கு பாத்த ஒடனே சிரிப்பு வந்துருச்சு. அப்படியே இன்ஸ்பெக்டர் மாதிரி. அவரு மேல எனக்குக் கோவமே கெடையாது. சாமி சத்தியமா இல்ல. ஒரு தடவ தீவாளிக்கு மிட்டாய் குடுத்திருக்காரு. ஆள் அடையாளம் தெரிஞ்சா பேர் எழுதத் தோணும் இல்லியா? எனக்கு எழுதத் தெரிஞ்ச பேரு குறிதான். சேங்கொட்ட சாத்துல குச்சியத் தொட்டு அவன் நெஞ்சுல ரெண்டு கோடு, கீழ ஒரு புள்ளி வச்சேன். விரல்ல சாறு பட்டு மறுநாளே கொப்புளம் கெளம்பிருச்சு. அம்மா தேங்கா எண்ணெ தடவி விட்டாங்க.

இஸ்திரி மாமா வர்றதுக்கு நேரமாச்சு. அப்பாவே மேசைக்கு வந்து சட்டைங்கள மடிக்க ஆரம்பிச்சாரு. அடுக்குல கைய விடுவாரு, பக்கத்த எடுப்பாரு, உள்ள குடுப்பாரு, மடிப்பாரு. படத்தையெல்லாம் பாக்க மாட்டாரு. நான் கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் எப்ப போச்சுன்னு நான் பாக்கல. அத எடுத்து ஒளிச்சு வைக்கணும்னு எனக்குத் தோணவும் இல்ல.

திங்கக்கிழமை நாங்க பசியாறிக்கிட்டு இருக்குறப்ப ஜீப்பு வந்து நின்னுச்சு. இன்ஸ்பெக்டரும் ரெண்டு மாத்தாவும், சாதாரண போலீஸ்காரங்க. இன்ஸ்பெக்டர் எப்பவும் சப்பாத்த அஞ்சடியில தட்டிட்டு உள்ள வருவாரு. அன்னிக்குத் தட்டல.

"டோபி. இது என்ன?"

கையில அந்தப் பக்கம். நான் கஞ்சி டின்னுக்குப் பின்னால இருந்தேன். 

"பேப்பருங்க ஐயா. சட்டைக்குள்ள வைக்கிறது."

"இந்தக் குறி?"

அப்பா குனிஞ்சு பாத்தாரு. பாத்தவரு அப்படியே குனிஞ்ச மேனிக்கு நின்னாரு. "ஐயா வீட்டுக் குறிங்க."

"என் குறி. நெருப்புல விழுறவன் நெஞ்சுல. என் சட்டைக்குள்ள. என் பொண்டாட்டி பிரிச்சுப் பாத்துட்டு ரெண்டு நாளா சாப்புடல. போலீஸ்காரன் வீட்டுக்கு இப்படிப் பேப்பரு வந்தா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"ஐயா, சத்தியமா..."

"யாரு மடிச்சது?"

எங்கப்பா யோக்கியன். நான் இத சொல்லியே ஆகணும். துணிப் பையில ஒரு காசு கெடந்தாலும், ஒரு மோதிரம், ஒரு துண்டுச் சீட்டு கெடந்தாலும், அத காயிதத்துல சுத்தி ஊக்கு குத்தி அந்தத் துணியோடவே திருப்பி அனுப்புவாரு. ஒரு வீட்டம்மா தொலைச்ச காதுத் தோட்ட வெள்ளாவிச் சாம்பல்ல சலிச்சு எடுத்துக் குடுத்தவரு. அந்த மனுசன் கை மெதுவா மேல வந்துச்சு. இஸ்திரி மேசைப் பக்கம் நீண்டுச்சு.

"இஸ்திரி எல்லாம் அவன்தாங்க ஐயா."

பாருங்க, அந்தப் பேச்சுல பொய் இல்ல. இஸ்திரி எல்லாம் அவருதான். அப்பா வாய் பொய் சொல்லல, கைதான் சொல்லிச்சு.

இஸ்திரி மாமா தேய்ச்சுக்கிட்டே இருந்தவரு நிமுந்து அப்பாவ ஒரு தடவ பாத்தாரு. கோவமா பாத்திருந்தா நான் இவ்வளவு நாள் ஞாபகம் வச்சிருக்க மாட்டேன். ஆளு தெரியாம பாக்குற மாதிரி பாத்தாரு. மாத்தா ரெண்டு பேரும் கையப் பிடிச்சாங்க. அஞ்சடிக்கு எறங்குறப்ப திரும்பி, "அண்ணே, பொட்டியில தணல் கெடக்கு. எறக்கி வச்சிருங்க"ன்னாரு.

யாரும் எறக்கல. ஜீப்பு போன பெறகும் நாங்க மூணு பேரும் நின்ன எடத்துலயே நின்னோம். பொகை வந்துதான் அம்மா ஓடிப் போயி பொட்டியத் தூக்கினாங்க. வாத்தியாரு சட்டை முதுகுல பொட்டி அளவுக்குக் கருகிப் போயிருச்சு.

அன்னிக்குப் பகலே அம்மாகிட்ட சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்துல, காதுல. "அம்மா, நான்தான் அந்தக் குறி வச்சேன்." அம்மா துணி அடிச்ச ஈரக் கையால என் வாயப் பொத்தினாங்க. சவுக்காரம் நாக்குல கரிச்சுச்சு.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

தலைய ஆட்டினேன்.

"சொல்லாத. அப்பாகிட்டயும் சொல்லாத. உன்னைய விட்டுருவாங்க, சின்னப் பிள்ளைன்னு. அப்பாவத்தான் புடிப்பாங்க, அவருதான் சொல்லிக் குடுத்தாருன்னு." அப்புறம் அவங்களே அழுதாங்க. "ஏண்டா, உனக்கு வேற வேலையே இல்லியா? கோடு போட்டவன், கோடு போட்டவன்னு..."

வியாழக்கிழமை அப்பாவோட மொறை. பேப்பருக்கு சத்தியம் பண்ணுற மொறை. அவரும் இந்தியாவுல பொறந்து வந்தவருதான். சைக்கிள்ல என்னைய முன்னால வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஒரு பள்ளிக்கூட மண்டபம். வரிசையா நம்மாளுங்க, சீனரு எல்லாம் நின்னாங்க. மேசையில உக்காந்திருந்த மலாய்க்கார ஐயா ஒவ்வொரு சொல்லா சொல்ல, வரிசையா நின்னவங்க திருப்பிச் சொன்னாங்க. இந்த நாட்டுக்கு உண்மையா இருப்பேன்னு. அப்பா கையத் தூக்கினாரு. திங்கக்கிழமை நீண்ட அதே வலது கை. ஏதாவது நடக்கும்னு நெனச்சேன். மின்னல் வெட்டும், கூரை இடியும், யாராவது ஓடி வந்து 'நிறுத்து'ன்னு சொல்லுவாங்கன்னு. ஒண்ணும் நடக்கல. "அடுத்த ஆள்"னு கூப்புட்டாங்க.

திரும்பி வர்றப்ப ஜாலான் துக்காங் எமாஸ் வழியா வந்தோம். எப்பவும் அந்தத் தெருக் கோயில்ல பிள்ளையாரக் கும்புட்டுட்டுத்தான் வருவோம். வாசல்ல அப்பா சப்பாத்தக் கழட்டினாரு. உள்ள பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாரு. மறுபடி சப்பாத்த மாட்டிக்கிட்டாரு. "நீ போயி கும்புட்டுட்டு வா"ன்னாரு. நானும் போகல.

சைக்கிள தள்ளிக்கிட்டே நடந்தாரு. நான் கேட்டேன். "அப்பா, சனிக்கிழமை நீங்கதானே மடிச்சீங்க?"

சைக்கிள் நின்னுச்சு. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல.

"ஆமா"ன்னாரு. "ரெண்டு வார்த்த கேட்டுட்டு விட்டுருவாங்க. நான் போனா நீயும் உங்கம்மாவும் தெருவுல நிப்பீங்க. அவன் போனா அழ ஆளு கெடையாது."

இத ஒரு கணக்கு மாதிரி சொன்னாரு. அந்த வயசுல அது எனக்கு சரியாவும் பட்டுச்சு, பயமாவும் இருந்துச்சு. இப்ப எனக்கு அப்பாவ விட மூத்த வயசு. இப்பவும் ரெண்டும் அப்படியே இருக்கு.

வெள்ளிக்கிழமை லோக்காப்புத் துணி வந்துச்சு. போலீஸ் துணியெல்லாம் எங்க கடைக்குத்தான் வரும். மூட்டையக் கொண்டாந்த மாத்தா வயசான மலாய்க்காரரு, எங்க எல்லாருக்கும் பழக்கம். மூட்டைய எறக்கிட்டு, கக்கத்துல இருந்து தனியா ஒரு சட்டைய எடுத்து அம்மா கையில குடுத்தாரு. தொப்பியக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

இஸ்திரி மாமா சட்டை. மனு குடுக்கப் போனப்ப அவரே கஞ்சி போட்டுத் தேய்ச்ச சட்டை. காலர்ல இருந்து பை வரைக்கும் ரத்தம் காஞ்சு மொடமொடன்னு நின்னுச்சு. ஒரு கை தோள் தையல்ல கிழிஞ்சு தொங்குச்சு.

அம்மா அத பச்சத் தண்ணியில போட்டாங்க. ரத்தக் கறைக்கு சுடுதண்ணி ஆகாது, கறை உள்ள ஏறிக்கும். உப்பு போட்டு, கசக்காம, விரலால தடவித் தடவி எடுத்தாங்க. அப்பா பக்கத்துல வந்து குந்தினாரு. தொட்டித் தண்ணி செவந்து வர்றத மூணு பேரும் பாத்தோம். படத்துல எத்தன பேர வீரன் குத்தியிருப்பான்! மூக்குல, வாயில, வயித்துல. குத்து விழுற எடத்துல மஞ்சளா ஒரு நட்சத்திரம் போட்டிருப்பான். ஒரு பக்கத்துலயும் ரத்தம் வந்து நான் பாத்ததில்ல.

மறுநாளு சனிக்கிழமை, கிளேபாங் வீட்டுக்குத் துணி குடுக்கப் போறப்ப நானும் வர்றேன்னு நின்னேன். அப்பா ஏன்னு கேக்கல. கூடையப் பின்னால கட்டிக்கிட்டு, என்னைய முன்னால வச்சு மிதிச்சாரு. கடல் காத்து எதுக்க அடிச்சுச்சு. நான் மனசுக்குள்ள ஒரே வார்த்தைய சொல்லிக்கிட்டே வந்தேன், மறந்துருமோன்னு.

இன்ஸ்பெக்டர் வாசல்லயே இருந்தாரு, பனியனோட. அவரு பையன் படியில உக்காந்து புதுப் புத்தகம் ஒண்ணு படிச்சுக்கிட்டு இருந்தான்.

"ஐயா, நான்தான் குறி வச்சேன்"னேன்.

அப்பா கையில இருந்த கூடை தரையில எறங்குச்சு. அவருக்கு அப்பத்தான் தெரியும். அம்மா அவருகிட்ட சொல்லல.

"என்ன குறி?"ன்னாரு இன்ஸ்பெக்டர்.

"படத்துல. மொட்டைத் தல, மீசை இருந்துச்சு. உங்கள மாதிரி இருந்துச்சு. எனக்கு எழுதத் தெரியாது, குறிதான் தெரியும். இஸ்திரி மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு மனு குடுக்கப் போயிட்டாரு. இங்க பாருங்க, சேங்கொட்ட சுட்டுருச்சு." கொப்புளம் வத்தி கறுத்துப் போன விரல நீட்டினேன்.

அவரு என் விரலப் புடிச்சுப் பாத்தாரு. கூடையில இருந்து ஒரு துணிய எடுத்தாரு. "இது யாரு வீடு?" சொன்னேன். இன்னொண்ணு. சொன்னேன். நாலஞ்சு துணி எடுத்துக் கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். படியில இருந்த பையன் புத்தகத்த மூடிட்டு என்னைய பாத்தான்.

இப்ப விட்டுருவாருன்னு நெனச்சேன். உண்மைய சொன்னா அடுத்த பக்கத்துல எல்லாம் சரியாயிரும். அப்படித்தான் நான் எல்லாப் புத்தகத்துலயும் பாத்திருக்கேன்.

இன்ஸ்பெக்டர் துணிய கூடைக்குள்ள போட்டாரு. "நீ உள்ள போ"ன்னு பையன அனுப்பினாரு. அப்புறம் என்கிட்ட பேசல, அப்பாவப் பாத்துப் பேசினாரு.

"அந்தப் பக்கத்துக்குப் பின்னால என் பையன் பேரு எழுதியிருக்கு டோபி. என் வீட்டுப் புத்தகம். எனக்குப் படிக்கத் தெரியாதா? அன்னிக்கு உன் கடைக்குள்ள வர்றதுக்கு முன்னயே எனக்குத் தெரியும், இது சின்னப் பிள்ளை வேலைன்னு."

நான் இன்ஸ்பெக்டர் நெஞ்சப் பாத்துக்கிட்டே நின்னேன். பனியன்ல எங்க குறி. ரெண்டு கோடு, ஒரு புள்ளி.

"அவன் பிரஜை பேப்பரு கேட்டு எழுதிக் குடுத்தான். பேரு எங்ககிட்ட வந்துச்சு. பழைய ஃபைல் ஒண்ணு இருக்கு. எஸ்டேட்டுல சங்கம் வச்சவன், அப்ப செவப்புக் கொடி தூக்கினவன். பத்து வருசத்துக்கு முந்தி. இங்க பொறக்காதவன். மெர்டேக்கா கொடி ஏறுறதுக்குள்ள ஊரு சுத்தமா இருக்கணும்னு எனக்கு மேல இருந்து உத்தரவு." சொல்லிட்டு மீசையத் தடவினாரு. "பழைய ஃபைல வச்சு மட்டும் புடிச்சா கேள்வி வரும். புதுசா ஒண்ணு வேணும். சட்டைக்குள்ள அந்தப் பேப்பரு வந்துச்சு. ஒரு ஆளு கை காட்டணும். நீ காட்டின."

"ஐயா, நான்தான் மடிச்சேன்"னாரு அப்பா. "அவன் கடையிலயே இல்லிங்க. நான்தான்."

"அதுவும் தெரியும். அவன் அந்த நேரத்துல மனு குடுக்குற எடத்துல வரிசையில நின்னான். எழுதி வச்சிருக்கு." இன்ஸ்பெக்டர் கடலப் பாத்தாரு. கெட்டவன் மாதிரி சிரிக்கலாம் இல்லியா? சிரிக்கல. ராத்திரி தூங்காத ஆளு மாதிரி இருந்தாரு. "அவன இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தியாச்சு டோபி. நேத்து சாயங்காலமே இங்க இருந்து கொண்டு போயிட்டாங்க. உன் பேப்பரு இன்னும் கையெழுத்தாகல, தெரியும்ல? வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

இஸ்திரி மாமா சட்டை துவைச்சு, கிழிஞ்ச தோளத் தைச்சு, எங்க கடையில கொடியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்குக் காலையில கெளம்புறப்பக்கூட ஈரம் காயல.

நாங்க திரும்பினோம். படியில எறங்குறப்ப இன்ஸ்பெக்டர் கூப்புட்டாரு. "டோபி. பரேடு உடுப்புக்குக் கஞ்சி நல்லா கெட்டியா போடு. அன்னிக்கு வெயில்ல ரொம்ப நேரம் நிக்கணும்."

எங்கப்பா திரும்பி, "சரிங்க ஐயா"ன்னாரு.

வழியில ஒரு எடத்துல சைக்கிள நிறுத்திட்டு, தென்ன மரத்துக்குக் கீழ போயி வாந்தி எடுத்தாரு. வாயத் தொடச்சுக்கிட்டு வந்து மறுபடி மிதிச்சாரு. அதப் பத்தி அவரு சாகுற வரைக்கும் நாங்க பேசினதில்ல. இஸ்திரி மாமாவுக்கு அந்தக் கரையில என்ன ஆச்சுன்னு ஒரு கடுதாசி வரல. வந்தாலும் யாரு படிச்சிருப்பா? அந்தச் சட்டை ரொம்ப நாள் அலமாரியில இருந்துச்சு. ஒரு வெள்ளத்துல போச்சு.

மெர்டேக்கா அன்னிக்குத் திடல்ல நிக்க எடமில்ல. மலாய்க்காரங்க, சீனரு, நம்மாளுங்க, செட்டிக் கம்பத்துக்காரங்க பட்டு கெபாயா போட்டுக்கிட்டு, எல்லாரும் ஒண்ணா நின்னாங்க. அப்பா என்னைய தோள் மேல தூக்கி வச்சிருந்தாரு. பத்து வயசுப் பையன், கனமாத்தான் இருந்திருப்பேன். முன் வரிசையில இன்ஸ்பெக்டர் நின்னாரு. காக்கி உடுப்பு மடிப்பு கலையாம கத்தி மாதிரி இருந்துச்சு. அந்தக் கஞ்சி நான் காய்ச்சினது. அப்பா தேய்ச்சது.

கொடி ஏறுச்சு. யாரோ "மெர்டேக்கா"ன்னாங்க. அவ்வளவு ஜனமும் திருப்பிச் சொல்லிச்சு. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ள ஏறி அப்படியே அடிச்சுச்சு. எனக்குக் கீழ அப்பா தோளு குலுங்குச்சு. கத்துறாரா, அழுவுறாரான்னு எனக்கு அவரு மொகம் தெரியல.

நான் கத்தினேன். ரெண்டு கையும் மேல தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துல நின்ன மலாய்க்காரம்மா என்னையப் பாத்து சிரிச்சு கன்னத்தக் கிள்ளினாங்க. என் வாழ்க்கையில அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததே இல்ல. இஸ்திரி மாமா ஞாபகம் எனக்கு அப்ப வரல. வீட்டுக்கு வந்து, சோறு தின்னு, படுத்துத் தூங்குற வரைக்கும் வரல.